ஜிங்க் மாத்திரைக்கும் ஒரு பருவம் உண்டு



நம் கூட்டங்களில் ஜிங்க் என்ற சொல் வந்தாலே பேச்சு வயலுக்குப் போய்விடும். நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் போடலாமா, கூடாதா, போட்டால் இயற்கை வேளாண்மை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு மணி நேரம் விவாதிப்போம். அதே ஜிங்க், தமிழில் துத்தநாகம், நம் வீட்டு மருந்து டப்பாவிலும் மாத்திரையாக இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த இதழில் அதைப் பேசிவிடுவோம்.

நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்காரர் வீட்டில் பிள்ளைக்குப் பேதி கண்டிருக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் 14 ஜிங்க் மாத்திரையும் கொடுத்திருப்பார். மூன்றாம் நாள் பேதி நின்றதும், "அதான் நின்னுருச்சே, பச்சப்புள்ளைக்கு எதுக்கு ரசாயனம்?" என்று மீதி மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுவார். இரண்டாம் கட்சிக்காரர் கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று ஜிங்க் மாத்திரை போட ஆரம்பித்தவர். கொரோனா போனாலும் மாத்திரை போகவில்லை. "சத்து மாத்திரைதானப்பா, என்ன செஞ்சிரப் போகுது?" என்பார்.

இரண்டு பேரும் நம்மவர்கள்தான். ஆனால் இரண்டும் தப்பு. முன்னவர் தேவைப்படும் பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுகிறார். பின்னவர் தேவை இருக்கிறதா என்றே பார்க்காமல் விழுங்குகிறார். ஜிங்க்கை யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். விதைக்கும் தண்ணிக்கும் பருவம் பார்க்கிற நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிரில் தெரியும், பிள்ளையில் தெரியாது

நெல்லில் ஜிங்க் குறைந்தால் நமக்குத் தெரிந்துவிடும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழும். இலையின் அடிப்பாகம் வெளுக்கும். வயல் ஒரே சீராக வளராமல் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். வட இந்தியாவில் இதற்குக் கைரா நோய் என்று பெயர். ஏதோ கிருமி என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது ஜிங்க் பற்றாக்குறை என்று 1966ல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே கண்டு சொன்னார். திராட்சையில் குறைந்தால் இலை சிறுத்து, ஒரே கொத்தில் காய்கள் பெரிதும் பொடியுமாகக் கலந்து நிற்கும். கம்பம் பன்னீர் திராட்சை போடுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

மனிதருக்கும் இந்தக் குறை வரும் என்று மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ளவே வெகுகாலம் ஆனது. அதைக் கண்டுபிடித்தவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். 1958ல் ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரத்தில் 21 வயது இளைஞர் ஒருவரைப் பார்த்தார். பார்வைக்குப் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தார். உயரம் இல்லை, பருவம் அடைந்த அடையாளம் இல்லை, கடுமையான ரத்தசோகை வேறு. அந்தப் பகுதியில் அப்படிப் பலர் இருந்தார்கள். சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டிதான். மண் தின்னும் பழக்கமும் இருந்தது. ஜிங்க் குறைவுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர், பிறகு எகிப்தில் செய்த ஆய்வில் 1963ல் அதை உறுதி செய்தார்.

கோதுமையில் ஜிங்க் இல்லாமல் இல்லை. தானியத்தின் தவிட்டில் பைட்டேட் என்ற பொருள் உண்டு. அது ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடலை உறிஞ்ச விடாது. தட்டில் இருந்தும் உடம்பில் ஒட்டாது. மண்ணில் பாஸ்பரஸ் மிதமிஞ்சினால் பயிருக்கு ஜிங்க் கிடைக்காமல் போகிறதே, அதே சங்கதி.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2016 முதல் 2018 வரை மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளில் 19 விழுக்காடு, பள்ளிப் பிள்ளைகளில் 17 விழுக்காடு, வளரிளம் பருவத்தினரில் 32 விழுக்காடு பேருக்கு ஜிங்க் குறைவு என்று கண்டார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நுண்ணூட்ட ஆய்வுத் திட்டத்தில் சோதித்த மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜிங்க் குறைந்தவை. தமிழ்நாட்டு மண்ணில் பாதிக்கு மேல் குறை. பயிரில் குறைந்தால் இலை காட்டிக்கொடுக்கும். பிள்ளையில் குறைந்தால் அடிக்கடி பேதி, அடிக்கடி சளி, வயசுக்கு ஏத்த வளத்தி இல்லை என்று பொதுவாகத்தான் தெரியும். அதனால்தான் கவனம் வேண்டும்.

பேதி கண்ட பிள்ளைக்கு: பேச்சே வேண்டாம்

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க்கும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004ல் கூட்டாக அறிவித்தன. இந்தியாவும் அதை எடுத்துக்கொண்டது. 2014 முதல் ஆண்டுதோறும் நடக்கும் வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம்களில் இந்த இரண்டையும்தான் வீடுவீடாகக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டுத் திட்டத்தில் கணக்கு இதுதான்:

- 2 மாதம் முதல் 6 மாதம் வரை: ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. தாய்ப்பாலைக் கரண்டியில் பீய்ச்சி அதில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.
- 6 மாதம் முதல் 5 வயது வரை: ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், ஒரு மாத்திரை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம்.
- மொத்தம் 14 நாள். இடையில் பேதி நின்றாலும் 14 நாள்.

நின்ற பிறகும் எதற்கு என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பேதியில் உப்பும் தண்ணீரும் போவது போல ஜிங்க்கும் வெளியேறுகிறது. குடலின் உள்தோல் அரிபட்டுப் போகிறது. அந்தத் தோல் மறுபடி வளர ஜிங்க் வேண்டும். முதல் சில நாள் மாத்திரை, பேதி நிற்கும் காலத்தை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கும். மீதி நாள் மாத்திரை இழந்ததை நிரப்பி, அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பேதி திரும்ப வருவதைக் குறைக்கும். தண்ணி பாய்ச்சியதும் மேல்மண் நனைந்துவிட்டது என்று மடையை அடைத்தால் வேருக்குப் போகுமா? அது போலத்தான் மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்துவது.

ஒன்றை மறக்கக் கூடாது. உயிரைக் காப்பது முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல். ஜிங்க் அதற்குத் துணை, மாற்று கிடையாது. தாய்ப்பால், கஞ்சி, சாதம் எதையும் நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், குடிக்க முடியாமை, துவண்டு கிடத்தல் இதில் எது தெரிந்தாலும் மாத்திரையை நம்பி வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சில பிள்ளைகள் ஜிங்க் கொடுத்ததும் வாந்தி எடுக்கும். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2020ல் வெளியானது. 20 மில்லிகிராமுக்குப் பதில் 10, 5 என்று குறைத்துக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை, வாந்தி குறைந்தது என்று அதில் கண்டார்கள். ஆகவே வாந்தி எடுத்தால் நாமாக நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் வழி இருக்கிறது.

"மண்ணு சரியானா சாப்பாடு சரியாகும், சாப்பாடு சரியானா மாத்திரை எதுக்கு?" என்று நம் தோழர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் மண்ணைச் சரிசெய்ய நாலைந்து வெள்ளாமை ஆகும். பேதி கண்ட பிள்ளைக்கு அத்தனை நாள் கிடையாது. மண்ணை அதன் காலத்தில் திருத்துவோம். பிள்ளைக்கு இன்றைக்கு மாத்திரை கொடுப்போம். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம், கொள்கை ஒன்றும் குறைந்துவிடாது.

பெரியவர்களுக்கு: சீட்டைப் படியுங்கள்

உரக்கடையில் ஜிங்க் சல்பேட் வாங்கும்போது 21 சதமா, 33 சதமா என்று மூட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். மாத்திரைக்கும் அதே பார்வை வேண்டும். அட்டையில் 'ஜிங்க் சல்பேட் 220 மி.கி.' என்று இருந்தால் அதில் உள்ள ஜிங்க் 50 மில்லிகிராம்தான். சில அட்டைகளில் உப்பின் எடையைப் போட்டிருப்பார்கள், சிலவற்றில் ஜிங்க்கின் எடையை மட்டும் போட்டிருப்பார்கள். ஒன்றை இன்னொன்றாக நினைத்தால் கணக்கே தலைகீழாகிவிடும். தெரியாவிட்டால் மருந்துக்கடையில், "இதில ஜிங்க் மட்டும் எத்தன மில்லிகிராம்?" என்று கேட்டு வாங்குங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளில் மேல் எல்லை 40 மில்லிகிராம். சாப்பாடு, மாத்திரை, சத்துமாவு எல்லாம் சேர்த்துத்தான் இந்த 40. மருத்துவர் ஒரு குறைக்காகச் சில வாரம் கூடுதலாகக் கொடுப்பது வேறு. நாமாக 50 மில்லிகிராம் மாத்திரையை மாசக்கணக்கில் போடுவது எல்லையைத் தாண்டுவதுதான்.

தாண்டினால் என்ன ஆகும்? குடலில் ஜிங்க் மிகுந்தால் உடம்பில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்கள் குறையும், கால் மரத்துப்போய் நடை தடுமாறும். எதிர்ப்பு சக்திக்கு என்று போட்ட மாத்திரை எதிர்ப்பு சக்தியையே குறைக்கும் நிலை இது. இரும்பு மாத்திரை போட்டும் சோகை தீராமல் இருக்கிறவர்கள் வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

கொரோனாவுக்கு அது உதவியதா? 2021ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கொரோனா வந்து வீட்டிலிருந்தவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் வீதம் 10 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். போடாதவர்களைவிட இவர்களுக்குக் குறிப்பிடும்படி சீக்கிரம் குணமாகவில்லை.

மருத்துவர் சொல்லி ஜிங்க் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

- வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டும். அவர்கள் லேசான சாப்பாட்டோடு போடலாம். களி, தவிடுள்ள தானியம், பருப்பு நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் உறிஞ்சுவது குறையும்.
- இரும்புச்சத்து மாத்திரையும் ஜிங்க்கும் ஒன்றோடொன்று போட்டி போடும். கர்ப்பிணிகள் இரண்டையும் ஒரே வாயில் போடாமல் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.
- சிப்ரோபிளாக்சசின், டாக்சிசைக்கிளின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகளை ஜிங்க் கட்டிப்போட்டுவிடும். அவற்றை ஜிங்க்குக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது நாலு முதல் ஆறு மணி நேரம் பின்னால் போட வேண்டும்.
- எத்தனை நாள் என்று கேட்காமல் மருத்துவர் அறையை விட்டு வெளியே வரக் கூடாது.

ஒரே வீட்டில் மூன்று ஜிங்க்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. உழவர் வீட்டில் ஜிங்க் என்ற பெயரில் மூன்று பொருள் இருக்கலாம். ஒன்று, மருந்து டப்பாவில் மாத்திரை. இரண்டு, சாக்கில் ஜிங்க் சல்பேட் உரம். மூன்று, எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு.

உர ஜிங்க் சல்பேட் பார்க்க வெள்ளை உப்பு, சர்க்கரை மாதிரி இருக்கும். அதை மனிதரோ மாடோ சாப்பிடுவதற்காகச் செய்வதில்லை. ஈயம், காட்மியம் போன்ற அசுத்தங்கள் கலந்திருக்கலாம். "ரெண்டும் ஒண்ணுதானே, ஒரு சிட்டிகை கரைச்சுக் குடிச்சா என்ன?" என்ற பேச்சு விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

ஜிங்க் பாஸ்பைடு கொடிய விஷம். வயிற்றில் போனதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து இல்லை. நெல் வயலில் எலிக்கு வைத்துவிட்டு மீதியை அடுப்படிப் பரணில் போடும் பழக்கம் இன்றைக்கே ஒழிய வேண்டும். இயற்கை உழவர் வீட்டில் அது இருக்கவே கூடாது. கிட்டியும் ஆந்தைக் குச்சியும் போதும். பழைய மிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

மண்ணுக்கும் இதே கணக்கு

ஜிங்க்கை நாம் நிரந்தரமாகப் பெற வேண்டிய இடம் வயலும் அடுப்படியும்தான். முல்லைப்பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் நெல் விளைகிறது. தண்ணீர் இருக்கும் தைரியத்தில் வயலைக் காய விடாமல் நிறுத்தி வைக்கிறோம். காற்றோட்டம் இல்லாத சேற்றில் ஜிங்க் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். அதன் மேல் வருஷா வருஷம் டி.ஏ.பி. கொட்டிய நிலம் என்றால் இன்னும் மோசம். இயற்கைக்கு மாறிய முதல் சில வருஷம் நெல் மஞ்சளாகப் புள்ளி விழுந்து நிற்க இதுவும் ஒரு காரணம். "இயற்கைக்கு மாறினேன், வெள்ளாமை போச்சு" என்று திரும்பிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் மண் பரிசோதனை. அதில் ஜிங்க் அளவையும் கேட்டு வாங்குங்கள். தழை, மணி, சாம்பல் மட்டும் போட்ட சீட்டு போதாது. அடுத்து, தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு, சணப்பை மடக்கி உழுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் என்பார்கள். பசுந்தாள் உரமோ ஊட்டமேற்றிய தொழுவுரமோ இட்ட வயலுக்கு 12.5 கிலோ போதும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். தழையும் தொழுவுரமும் பாதித் தேவையைக் குறைக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பரிசோதனையில் கடுமையான குறை தெரிந்தால் ஒருமுறை ஜிங்க் சல்பேட் இடுவதைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை. சான்று பெற்றவர்கள் பரிசோதனைச் சீட்டைக் காட்டிச் சான்று நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அதே சமயம், சீட்டே பார்க்காமல் போகத்துக்குப் போகம் நுண்ணூட்டப் பொட்டலம் வாங்கிக் கொட்டுவது, கொரோனா போன பிறகும் மாத்திரை விழுங்குவது மாதிரிதான்.

அடுப்படியில் என்ன செய்யலாம்

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்குத் தினம் 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13 மில்லிகிராம் ஜிங்க் வேண்டும். அமெரிக்காவில் 11, 8 என்றுதான் சொல்கிறார்கள். நம் சாப்பாட்டில் தானியமும் பருப்பும் அதிகம், பைட்டேட்டும் அதிகம் என்பதால் நமக்கு இந்தக் கூடுதல்.

தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். மூணு வேளையும் சோறு என்று 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டாலும் நாலு மில்லிகிராம் தேறாது. கம்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2.7, கேழ்வரகில் 2.5, கொள்ளில் 2.7. எள்ளில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உண்டு. ஆட்டுக்கறி, முட்டையில் இருப்பது எளிதில் உடம்பில் ஒட்டும். ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரியில் கம்பும் எள்ளும் மொச்சையும் போடுகிற சம்சாரி தான் விளைவித்ததை விற்றுவிட்டு, கடை அரிசியை மட்டும் வாங்கிச் சாப்பிட்டால் சத்தையும் சேர்த்து விற்கிறார் என்றுதான் பொருள்.

பைட்டேட்டை உடைக்க நம் பெண்கள் காலம் காலமாகச் செய்ததே போதும். கம்மங்கூழைப் புளிக்க வைத்தார்கள். இட்லி மாவைப் பொங்க விட்டார்கள். கடலையும் பயறும் ஊறவைத்து முளைகட்டினார்கள். புளித்ததிலும் முளைத்ததிலும் பைட்டேட் குறையும், ஜிங்க் கிடைக்கும். தீட்டாத அரிசிதான் சிறந்தது என்று பிரச்சாரம் செய்யும்போது, ஊறவைத்துச் சமையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விதையிலும் வழி இருக்கிறது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016ல் டி.ஆர்.ஆர். தான் 45 என்ற ஜிங்க் மிகுந்த நெல் ரகத்தை வெளியிட்டது. நம் பாரம்பரிய ரகங்களிலும் எதில் ஜிங்க் கூடுதல் என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோரிக்கையை அரசிடம் வைப்பது நம் இயக்கத்தின் வேலை.

இயக்கம் என்ன செய்ய வேண்டும்

மூன்று வேலையை முன்வைக்கிறேன். முதல் போக நாற்றங்காலுக்கு முன்பே ஒவ்வொரு ஊர்க் கிளையும் பத்து வயல் மண்ணையாவது ஜிங்க் உட்படச் சோதிக்க வேண்டும். மாதக் கூட்டம் ஒன்றுக்கு ஊர்ச் செவிலியரை அழைத்து ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டையும் எப்படிக் கொடுப்பது என்று பெண்களும் ஆண்களும் சேர்ந்து கேட்க வேண்டும். வீட்டில் தினமும் ஜிங்க் போடுகிற பெரியவர் இருந்தால், அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, "இது இன்னும் வேணுமா?" என்று கேட்க வேண்டும்.

ரசாயனம் வேண்டாம் என்று நாம் சொல்வது, தேவை பார்க்காமல் கொட்டும் வழக்கத்தை எதிர்த்துத்தான். அந்த வழக்கம் வயலில் இருந்தாலும் மருந்து டப்பாவில் இருந்தாலும் எதிர்ப்போம். பேதி கண்ட பிள்ளைக்கு மட்டும் 14 மாத்திரையையும் எண்ணிக் கொடுத்து முடிப்போம்.